நேற்று வந்திருக்கிறார்

கருங்கலில் என் அக்கா வீடு இருக்கிறது. வருஷத்துக்கு இரண்டு தடவையாவது போய் நான்கு நாள் தங்கிவிட்டு வருவது வழக்கம். எழுதுகிறவன் என்று பெயர் எடுத்துவிட்டால் சொந்தக்காரர்கள் சும்மா விடமாட்டார்கள். கல்யாணக் கடிதத்தில் பிழை பார்க்கச் சொல்வார்கள். கோர்ட்டு நோட்டீஸைப் படித்து அர்த்தம் சொல்லச் சொல்வார்கள். சென்ற முறை போனபோது அக்கா சொன்ன வேலை இவற்றில் சேராது.

“தம்பி, பிள்ளை இங்கிலீஷ் கிளாசுக்குப் போறா. ரெண்டு பரீட்சை எழுதியாச்சு, ரெண்டும் போச்சு. அந்த சார் படிப்பிக்கது சரிதானான்னு நீ ஒருக்கா போய் இருந்து பாத்துட்டு வந்து சொல்லு.”

கதைகளையும் நாவல்களையும் பற்றி அபிப்பிராயம் சொல்லிப் பழகியவன்தான் நான். ஆனால் ஒரு வகுப்பைப் பார்த்து விமர்சனம் செய்யும்படி இதற்கு முன் யாரும் கேட்டதில்லை. அதிலும் ஆங்கில இலக்கண வகுப்பு. கல்லூரியில் இரண்டு வருஷம் படித்துவிட்டு நின்றுபோனவன் நான். ஒருமுறை டில்லியில் ஓர் எழுத்தாளர் கூட்டத்தில் நான்கு வார்த்தை ஆங்கிலத்தில் பேசச் சொன்னபோது, ‘ஹாஸ்’ போடுவதா ‘ஹாட்’ போடுவதா என்ற யோசனையிலேயே நேரம் போய், கும்பிடு போட்டுவிட்டு உட்கார்ந்தவன். இந்தத் தகுதியை அக்காவிடம் சொல்லிப் பார்த்தேன். அவள் கேட்கவில்லை.

அக்கா மகள் நர்ஸ். மார்த்தாண்டம் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை. இங்கிலாந்துக்குப் போவதற்காக ஓ.இ.டி. என்ற பரீட்சை எழுதுகிறாள். 1980களில் ஆஸ்திரேலியாவில், வெளிநாட்டிலிருந்து வரும் டாக்டர்களுக்கும் நர்ஸுகளுக்கும் என்று ஏற்படுத்தப்பட்ட பரீட்சை இது. கேட்பது, படிப்பது, எழுதுவது, பேசுவது என்று நான்கு பகுதிகள். இங்கிலாந்துக்காரர்கள் மற்ற மூன்றிலும் ‘பி’ வேண்டும் என்கிறார்கள். எழுதுவதில் மட்டும் ‘சி பிளஸ்’ போதும் என்று கொஞ்சம் இறங்கி வருகிறார்கள். அந்தச் ‘சி பிளஸ்’ஸில்தான் இவள் இரண்டு தடவையும் இடறினாள். ஒவ்வொரு தடவைக்கும் ஒரு மாதச் சம்பளம் அப்படியே போய்விடும். ஏஜென்ஸிக்கு முன்பணமும் கட்டியாகிவிட்டது. இந்த ஜில்லாவில் வீட்டுக்கு ஒருவராவது கடல் தாண்டிய குடும்பங்கள் நிறைய. எனவே அக்கா கேட்ட கேள்வியின் கனம் எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குப் போனேன். ஒரு கடைக்கு மேலே மாடியறை. வெள்ளைப் பிளாஸ்டிக் நாற்காலிகள். இருபத்திரண்டு பேர், இரண்டு பையன்களைத் தவிர எல்லாரும் பெண்கள், எல்லாரும் நர்ஸுகள். இரவு வேலை முடித்துத் தூங்காமல் வந்தவர்கள் யார் என்று கண்ணைப் பார்த்தே சொல்லிவிடலாம். கீழே பஸ் ஹாரன் அடிக்கும்போதெல்லாம் வாத்தியார் வாக்கியத்தை நிறுத்தி, ஓய்ந்ததும் விட்ட சொல்லிலிருந்து தொடர்ந்தார். பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் ஆங்கிலம் எடுத்து ஓய்வு பெற்றவர். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. பெண்களை ‘மக்களே’ என்று அழைத்தார். அந்த ஒரு சொல்லுக்காகவே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

அன்றைய பாடம் பிரசண்ட் பெர்ஃபெக்ட். வாத்தியார் விதியைப் பலகையில் எழுதிவிட்டு ஒரு பெண்ணை எழுப்பி வாக்கியம் சொல்லச் சொன்னார். அவள் கொஞ்சம் யோசித்து, “டாக்டர் ஹாஸ் கம் யெஸ்டர்டே” என்றாள்.

“தப்பு. ‘ஹாஸ்’ வந்தா ‘யெஸ்டர்டே’ வரப்பிடாது.”

“ஏன் சார்?”

“ரூல் அப்படி, மக்களே.”

இருபத்திரண்டு பேனாக்களும் அதை எழுதிக்கொண்டன. என் நோட்டிலும் எழுதிக்கொண்டேன். ஆனால் எனக்கு அந்தப் பெண்ணின் வாக்கியத்தை விட்டு நகர முடியவில்லை.

நேற்று அவளுக்கு விடுமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்று காலை வேலைக்கு வருகிறாள். கேஸ் ஷீட்டில் டாக்டரின் கையெழுத்து இருக்கிறது, மருந்து மாற்றியிருக்கிறது. பக்கத்தில் நிற்பவளிடம் என்ன சொல்வாள்? ‘நேற்று டாக்டர் வந்திருக்கிறார்’ என்றுதான் சொல்வாள். ‘நேற்று டாக்டர் வந்தார்’ என்று சொன்னால் அது வேறு. அவர் வந்ததை இவள் பார்த்ததுபோல், அல்லது நன்றாக அறிந்ததுபோல் ஆகிவிடும். காலையில் வாசல் நனைந்திருப்பதைப் பார்த்து ‘ராத்திரி மழை பெய்திருக்கிறது’ என்கிறோமே, அதே ‘இருக்கிறது’தான். நேரில் காணவில்லை, அடையாளத்தைக் கண்டேன் என்ற நுட்பமான நேர்மை அந்த ஒட்டில் இருக்கிறது. அதற்கும் நேற்றுக்கும் எந்தப் பகையும் இல்லை. தமிழில் அவை கைகோத்துக்கொண்டு போகின்றன.

ஆங்கிலத்தின் ‘ஹாஸ் கம்’ பார்ப்பதற்கு நம் ‘வந்திருக்கிறார்’ போலவே இருக்கிறது; வேலை வேறு. நடந்தது இன்றோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதன் விளைவு இப்போது கையில் இருக்கிறது என்று அது சொல்கிறது. ‘நேற்று’ என்று சொன்னவுடன் முடிந்துபோன ஒரு நாளுக்குள் அதைப் பூட்டிவிடுகிறோம். பூட்டியதை இன்றோடு ஒட்டவைக்க அந்த மொழி சம்மதிப்பதில்லை. ஆகவே அந்தப் பெண் செய்த பிழை அறியாமையால் வந்தது அல்ல. தன் தாய்மொழியின் இலக்கணத்துக்கு உண்மையாக இருந்ததால் வந்தது. இதை அவளிடம் சொல்லியிருந்தால் இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். சொல்லாததால் ‘ரூல்’ என்ற சுவரில் அவள் முட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அடுத்த மாதமும் அதே வாக்கியத்தைத்தான் எழுதுவாள். விதியை மறப்பது சுலபம். தமிழை எப்படி மறப்பாள்?

அரை மணி நேரம் கழித்து ‘தி’ வந்தது. “நம்ம மொழியில இது கிடையாது, அதுதான் நமக்குக் கஷ்டம்” என்றார் வாத்தியார். இப்படித்தான் எனக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். நானும் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். ‘மருந்து கொடுத்தாயா?’ என்று கேட்பதற்கும் ‘மருந்தைக் கொடுத்தாயா?’ என்று கேட்பதற்கும் வித்தியாசம் இல்லையா? முதலாவது, ஏதாவது மருந்து கொடுத்தாயா என்பது. இரண்டாவது, நாம் இருவரும் அறிந்த அந்த மருந்தை. தலைமை நர்ஸ் இரண்டாவது மாதிரி கேட்டால், எந்த மருந்து என்று திரும்பக் கேட்கிறவளுக்கு வேலை போய்விடும். அந்த ‘ஐ’ உருபுக்குள் ஆங்கிலத்தின் ‘தி’ பாதி உட்கார்ந்திருக்கிறது. பாதி என்றுதான் சொல்லுவேன். எழுவாயாக வரும்போது நமக்கு அந்த வசதி இல்லை. ‘மாத்திரை வந்தது’ என்றால் எந்த மாத்திரை என்பது பேச்சின் போக்கைப் பொறுத்தது. எங்கே நம்மிடம் இருக்கிறது, எங்கே இல்லை என்று பிரித்துக் காட்டினாலே பிழைகள் எங்கே விழும் என்பது முன்கூட்டித் தெரிந்துவிடும். ‘ஏ’யும் ‘ஆன்’னும்கூட நம் ‘ஒரு’வும் ‘ஓர்’உம் போலத்தானே.

வினையைப் பற்றி ஒரு வார்த்தை. கருங்கலைக் கண்டிப்பாகப் பார்த்தால் நாஞ்சில் நாடு என்று சொல்லக்கூடாது. அது தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம். இது பழைய விளவங்கோட்டுப் பிரதேசம். 1956 நவம்பர் வரைக்கும் திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி என்று இருந்த பூமி. இந்தப் பெண்களில் பலர் திருவனந்தபுரத்தில் படித்தவர்கள். மலையாளம் தண்ணீராகப் பேசுவார்கள். தமிழில் வந்தேன், வந்தாய், வந்தார் என்று ஆளுக்கு ஆள் வால் மாறுகிறது. மலையாளத்தில் நான் வந்தாலும் அவன் வந்தாலும் வினை ஒன்றேதான். ஆங்கில இறந்தகாலமும் அப்படியே. இந்த ஊர்ப் பிள்ளைகள் இரண்டு பழக்கத்தையும் நாக்கிலேயே வைத்திருக்கிறார்கள். இவர்களை நிற்கவைத்து ‘ஐ கேம், யூ கேம், ஹி கேம்’ என்று கோரஸ் பாடவைப்பது, நீந்தத் தெரிந்தவனுக்குத் தண்ணீர் நனைக்கும் என்று பாடம் நடத்துவது போல.

வாத்தியார் மேஜைமீது ரென் அண்டு மார்ட்டின் இருந்தது. அட்டை பிய்ந்து, நூல் கட்டி, ஓரமெல்லாம் பென்சில் குறிப்புகள். நம் தேசத்தில் மூன்று தலைமுறையின் ஆங்கிலம் அந்த ஒரு புஸ்தகத்திலிருந்து வந்தது. அந்த ரென் யார் என்று எத்தனை பேருக்குத் தெரியுமோ! அவர் ஒரு நாவலாசிரியர். பம்பாய் மாகாணத்தில் கல்வி இலாகாவில் வேலை பார்த்தவர். பிரெஞ்சு அந்நியப் படையின் பாலைவனச் சாகசங்களை வைத்து 1924இல் ‘போ கெஸ்ட்’ என்று ஒரு நாவல் எழுதினார். உலகமெங்கும் விற்றது, சினிமாவாகவும் வந்தது. அதற்குப் பிறகு 1930களில் மார்ட்டினோடு சேர்ந்து வந்ததுதான் இந்த இலக்கணம். ஒரு நாவலாசிரியர் பெயர் இருக்கிற புஸ்தகத்தில், வாக்கியத்தை யார் சொல்கிறார்கள், யாரிடம் சொல்கிறார்கள் என்ற நினைவே பெரும்பாலும் இல்லாமல் போனது எனக்கு ஆச்சரியம். வரிசையாக வாக்கியங்கள் வருகின்றன. அவற்றுக்கு வாயும் இல்லை, காதும் இல்லை. நாவலில் இப்படி ஒரு பக்கம் எழுதியிருந்தால் ரென்னே கிழித்துப் போட்டிருப்பார்.

இதைச் சொன்னவுடன், இலக்கணமே வேண்டாம் என்று நான் சொல்லவருவதாக நீங்கள் எண்ணிவிடக்கூடாது. முப்பது நாளில் ஆங்கிலம், இலக்கணம் இல்லாமல் ஆங்கிலம் என்று பஸ் ஸ்டாண்டுக்குப் பஸ் ஸ்டாண்டு விற்கிறார்களே, அந்தக் கூட்டத்தைவிட இந்த வாத்தியார் ஆயிரம் மடங்கு யோக்கியர். உண்மையிலேயே யோசித்து அந்தப் பாதையில் போனவர் ஒருவர் நம் பக்கத்திலேயே இருந்தார். என். எஸ். பிரபு என்பவர், சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்தபோது 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை முதலிய இடங்களில் சாதாரணப் பள்ளிக்கூடங்களில் ஒரு சோதனை நடத்தினார். இலக்கணப் பாடமே கிடையாது. ரயில்வே அட்டவணையைக் கொடுத்து, இந்த ஊரிலிருந்து அந்த ஊருக்கு எந்த வண்டியில் போனால் சீக்கிரம் சேரலாம் என்று ஆங்கிலத்தில் கணக்குப்போடச் சொல்வார்கள். வரைபடத்தைக் கொடுத்து வழி கேட்பார்கள். மனம் அர்த்தத்தில் ஈடுபட்டிருக்கும்போது இலக்கணம் தானாக உள்ளே இறங்கும் என்பது அவர் கட்சி. சோதனை முடிந்ததும் வெளியிலிருந்து இரண்டு பேர் வந்து மதிப்பிட்டார்கள். தயங்கித் தயங்கி, ஓரளவு சரிதான் என்றார்கள். 1987இல் பிரபு இதைப் புஸ்தகமாகவும் எழுதினார். உலகத்தில் மொழி கற்பிக்கிறவர்கள் இன்றும் அதைப் பேசுகிறார்கள்; கருங்கல் மாடியில் அந்தப் பேச்சு எட்டவில்லை.

எட்டினாலும் முழுவதும் பொருந்தும் என்று எனக்குத் தோன்றவில்லை. பிரபுவின் பிள்ளைகளுக்கு வருஷங்கள் கையில் இருந்தன. இந்தப் பெண்களுக்கு இருப்பது மூன்று மாதம், அதில் பாதி இரவு வேலை. தானாக இறங்கட்டும் என்று இவர்களால் காத்திருக்க முடியாது. இவர்களுக்கு விதி வேண்டும். விதி வேண்டும் என்று அவர்களே கேட்கிறார்கள். பிடித்துக்கொள்ள ஒரு கம்பி மாதிரி. கேள்வி, எந்த மொழியின் மீது நின்றுகொண்டு விதியைச் சொல்வது என்பதுதான். கருங்கலுக்குக் கிழக்கே, ஜில்லா எல்லையைத் தாண்டினால் இடையன்குடி. அங்கே உட்கார்ந்து கால்டுவெல் என்ற வெள்ளைக்காரர் தமிழையும் மலையாளத்தையும் தெலுங்கையும் கன்னடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு 1856இல் ஒரு இலக்கணம் வெளியிட்டார். அந்நியனுக்கு நம் மொழி புரிவதற்கு ஒப்பிட்டுப் பார்ப்பது வழியாக இருந்தது. நமக்கு அந்நிய மொழி புரிவதற்கு மட்டும் ஏன் அது வழியில்லை? 1818இல் சார்லஸ் மீட் பாதிரியார் நாகர்கோவிலுக்கு வந்தார். மிஷன் பள்ளிக்கூடங்கள் வழியாக ஆங்கிலம் இந்தச் சீமைக்குள் நுழைந்து இருநூறு வருஷத்தை ஒட்டி ஆகிறது. ஆனால் வகுப்புக்குள் நுழைகிறபோது தமிழைச் செருப்பு மாதிரி வாசலில் கழற்றிவிட்டு வரவேண்டும் என்ற எண்ணம் மட்டும் போகவில்லை.

நாலரை மணிக்குச் செயப்பாட்டு வினை. ராமன் ராவணனைக் கொன்றான், ராவணன் ராமனால் கொல்லப்பட்டான். ராவணன் இத்தனை வருஷமாக இலக்கண வகுப்புகளில் செத்துக்கொண்டே இருக்கிறான், பாவம். ‘கொல்லப்பட்டான்’ என்று கருங்கல் சந்தையில் யார் பேசுகிறார்கள்? நமக்குச் செயப்பாட்டு வினை வாயில் வராது என்று வாத்தியார் சொன்னது வாஸ்தவம்தான். ஆனால் செய்தவனை மறைத்துவிட்டுச் செயலை மட்டும் சொல்ல நமக்கு வழியில்லை என்று நினைத்தால் அது தப்பு. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் பக்கத்துப் பெண் ஏதோ ரகசியமாகக் கேட்டாள். “ஊசி போட்டாச்சு, டிரெஸ்ஸிங்கும் மாத்தியாச்சு” என்று இவள் பதில் சொன்னாள். மத்தியானம் விட்டுவந்த நோயாளியைப் பற்றி இருக்கும். யார் போட்டது, யார் மாற்றியது? அதில் இல்லை, தேவையும் இல்லை. அந்த ‘ஆச்சு’தான் ஆஸ்பத்திரியின் செயப்பாட்டு வினை. ஆங்கிலத்திலும் கேஸ் ஷீட்டில் இவர்கள் தினமும் ‘இஞ்செக்‌ஷன் கிவன்’ என்றுதான் எழுதுகிறார்கள். ஏழெட்டு வருஷமாக எழுதிக்கொண்டிருப்பதையே பலகையில் ராவணன் வேஷம் போட்டு வந்ததும் அடையாளம் தெரியாமல் விழித்தார்கள்.

வகுப்பு முடிந்ததும் வாத்தியார் நோட்டுகளைத் திருப்பிக் கொடுத்தார். அத்தனை நோட்டுகளையும் இரவு உட்கார்ந்து திருத்துகிறார். சிவப்பு மை ஒவ்வொரு வரியிலும் இருந்தது. அக்கா மகளின் நோட்டை வாங்கிப் பார்த்தேன். பரீட்சைக்கான பயிற்சிக் கடிதம். நாற்பத்தைந்து நிமிஷத்தில், கொடுத்த குறிப்புகளைப் படித்து, இருநூறு வார்த்தைக்குள் எழுதவேண்டும். எழுபத்தெட்டு வயதுக் கிழவர் ஒருவர். இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகி வீட்டுக்குப் போகிறார். வீட்டில் வந்து பார்த்துக்கொள்ளப்போகிற நர்ஸுக்குக் கடிதம். அக்கா மகள், அவர் விழுந்த நாளிலிருந்து தொடங்கி, ஆஸ்பத்திரியில் சேர்த்தது, எக்ஸ்ரே எடுத்தது, ரத்தம் பரிசோதித்தது என்று குறிப்புகளை வரிசை மாறாமல் வாக்கியமாக்கியிருந்தாள். ‘ஹாஸ் பீன் அட்மிட்டட் ஆன்’ என்று தேதி போட்டிருந்தாள். அதே பழைய ‘வந்திருக்கிறார்’. வாத்தியார் பதினொரு பிழை கண்டுபிடித்திருந்தார். பதினொன்றும் சரியான பிழைகள். ஒன்றுக்குக்கூட நான் மறுப்புச் சொல்லமுடியாது.

ஆனால் கிழவர் தனியாக இருக்கிறார் என்பது கடிதத்தில் இல்லை. அதற்குச் சிவப்பு மையும் இல்லை.

இந்தப் பரீட்சையில் கடிதத்தை எப்படி மதிப்பிடுகிறார்கள் என்று பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். நோக்கம் தெரிகிறதா, வேண்டியதெல்லாம் இருக்கிறதா, சுருக்கமாகத் தெளிவாக இருக்கிறதா, நடை பொருந்துகிறதா, ஒழுங்காக அமைந்திருக்கிறதா, மொழி பிழையில்லாமல் இருக்கிறதா என்று ஆறு விஷயம். இலக்கணம் ஆறில் ஒன்று. பரீட்சை வைக்கிறவர்கள் யார் யாருக்கு எழுதுகிறார்கள் என்பதை முதலில் கேட்கிறார்கள். நாவலாசிரியன் கேட்கவேண்டிய கேள்வி அது. வகுப்பு ஆறாவதைப் பிடித்துக்கொண்டு மற்ற ஐந்தையும் விட்டுவிட்டது.

வாத்தியாரோடு கீழே டீ குடித்தேன். மெதுவாக இதைச் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன்; கோபிக்கவில்லை.

“நீங்க சொல்லுதது எனக்கும் தெரியும் சார். ஆனா ஒண்ணு. நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு எடுத்தவன். ஒரு நோயாளிக்கு எது முக்கியம்னு அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. தெரியாத இடத்துல நான் எப்படிச் சிவப்பு மை போட? எனக்குத் தெரிஞ்சது கிராமர். அதைத்தான் படிப்பிக்கேன்.”

இந்தப் பதிலுக்கு நான் தயாராக வரவில்லை. நானாக இருந்தால் தெரிந்ததுபோல் பேசியிருப்பேன். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, “அந்த ‘வந்திருக்கிறாரு’ விஷயம் நல்லா இருக்கு. அடுத்த வாரம் சொல்லிப் பாக்கேன்” என்றார். அவர் காசு கொடுத்தார், என்னை விடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அக்கா, “சரியாத்தான் படிப்பிக்காரா?” என்று கேட்டாள்.

“சரியாத்தான் படிப்பிக்கார்.”

“பின்ன இவ ஏன் ஜெயிக்கல்ல?”

நான் பதில் சொல்லாமல் அக்கா மகளைக் கூப்பிட்டேன். நோட்டை மூடி வைத்துவிட்டு, “நாளைக்கு உன் இடத்துக்கு வேறொருத்தி டியூட்டிக்கு வருகிறாள். நீ பஸ்ஸுக்கு ஓடவேண்டும். அந்தக் கிழவரைப் பற்றி அவளிடம் என்ன சொல்வாய்? தமிழில் சொல்” என்றேன்.

அவள் யோசிக்கவேயில்லை. “தாத்தா தனியா மாடியில இருக்காரு, மாமா. படியிறங்க முடியாது. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுதாரு, அதனால விழுந்தா ஆபத்து. வியாழக்கிழமை தையல் பிரிக்கணும். மக சனி ஞாயிறுதான் வருவா.”

“இதே வரிசையில் எழுது.”

அவள் நோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “கிராமர் தப்பு வந்தா?”

“வரும். அதைச் சார் பார்த்துக்கொள்வார்.”

அவள் பேனாவை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பரீட்சைக்கு இன்னும் ஏழு வாரம் இருந்தது.